மெனுவைக் கேட்காதீர்கள், கடிதத்தைக் கேளுங்கள்

மேல்நிலை வகுப்புகளுக்குக் கணினிப் பயன்பாடுகள், அலுவலக மேலாண்மைப் பாடங்களை எழுதும் பாடநூல் குழுவினருக்கு,

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட்டில் வெளியானதிலிருந்து பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. கணினி என்றாலே செயற்கை நுண்ணறிவு, ரோபோ என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் எழுதவந்தது அந்த அளவுக்குப் பவிசில்லாத இரண்டு பாடங்களைப் பற்றி. காமர்ஸ் குரூப்பில் பல பிள்ளைகள் படிக்கும் 'கணினிப் பயன்பாடுகள்' ஒன்று. தொழிற்கல்விப் பிரிவில் இருக்கும் 'அலுவலக மேலாண்மையும் செயலியலும்' இன்னொன்று. இரண்டும் ஒரே வேலைக்குத்தான் ஆளைத் தயார் செய்கின்றன, அல்லது செய்யவேண்டும்.

நான் ஆசிரியர் இல்லை. கரூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். உங்கள் பாடங்களைப் படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளை முதலில் வேலைக்கு எடுப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். பெரிய நிறுவனங்கள் டிகிரி கேட்கும். ஆடிட்டர் ஆபீஸ், ஜவுளி ஏற்றுமதிக்காரர்களின் டாக்குமென்டேஷன் மேசை, லாரி புக்கிங் ஆபீஸ், ஃபைனான்ஸ் கம்பெனி, இ-சேவை மையம், பத்திர எழுத்தரின் அறை, இவைதான் பிளஸ் டூ முடித்தவருக்கு உள்ளூரில் கதவு திறக்கும் இடங்கள். வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். வெளியூருக்கு அனுப்ப மாட்டார்கள், கல்லூரிக்குக் கட்ட வழியில்லை, அல்லது அஞ்சல்வழியில் படித்துக்கொண்டே வேலை பார்க்க வேண்டும்.

புதிதாக வருகிறவரிடம் நான் சான்றிதழை முதலில் பார்ப்பதில்லை. கையால் எழுதிய ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்து, இதை அடித்து, பிடிஎஃப் ஆக்கி, நான் சொல்லும் முகவரிக்கு மெயிலில் அனுப்பும்மா என்பேன். நடப்பது அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். இரண்டு விரல் மட்டும் வேலை செய்யும். தேதியை வலப்பக்கம் தள்ள ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டே இருப்பார். அடுத்த பக்கம் போக என்டரைத் தட்டிக்கொண்டே போவார். கடிதம் தமிழில் இருந்தால் இன்னும் வேடிக்கை: செல்போனை எடுத்து வாயால் சொல்லி, வந்த எழுத்தைத் தனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டு, அதைக் கணினியில் திறந்து ஒட்டுவார். கோப்புக்குப் பெயர் வைக்கத் தோன்றாது. மெயிலில் பொருள் வரி காலியாக இருக்கும், உள்ளேயும் ஒரு சொல் இருக்காது, இணைப்பு மட்டும் தனியாக வந்து நிற்கும்.

இதே பிள்ளையிடம் எழுத்தைத் தடிமனாக்க எந்த விசை, அட்டவணை எந்த மெனுவில், பணித்தாளில் சூத்திரம் எந்தக் குறியில் தொடங்கும் என்று கேளுங்கள். கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும். இவர் கணினிப் பயன்பாடுகளில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர். எதைக் கேட்பார்கள் என்று சொன்னார்களோ அதைப் படித்திருக்கிறார். பிள்ளைமேல் என்ன தப்பு?

எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த எழுபதில் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள், மீதி இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் விடைகள். அதாவது வேர்ட் பிராசஸரைப் பற்றிப் பேனாவால் காகிதத்தில் எழுத வேண்டும். சமையல் தெரியுமா என்று பார்க்கவந்தவர், பெருங்காயம் எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவது போலத்தான் இது. டப்பாவை மாற்றி வைத்தால் தீர்ந்தது. மென்பொருளில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டப்பா மாறத்தான் செய்கிறது. உங்கள் பதினோராம் வகுப்பு நூல் ஓப்பன் ஆபீஸை எடுத்துக்கொண்டது. காசில்லாத மென்பொருள் என்ற வகையில் அது நல்ல முடிவு, நான் கைதட்டுவேன். ஆனால் அதிலிருந்து லிப்ரே ஆபீஸ் 2010லேயே பிரிந்து போய்விட்டது, லினக்ஸ் போட்ட கணினிகளில் இன்று அதுதான் கூடவே வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருப்பது பேஜ்மேக்கர். அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அந்த நூல் அச்சானது 2019இல். பேஜ்மேக்கரை இன்னும் வைத்திருக்கும் அச்சகங்கள் நம் ஊர்களில் உண்டு என்பது உண்மைதான், கல்யாணப் பத்திரிகைக்கு அது போதும். அதற்காக ஒரு மாநிலமே அதன் கருவிப்பெட்டியின் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

செய்முறைத் தேர்வுதான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பயிற்சிகள் புத்தகத்திலேயே அச்சிட்டவை, ரெக்கார்டு நோட்டில் ஏற்கெனவே எழுதியவை, தேர்வன்று அவற்றில் ஒன்று வரும். எழுத்து மாறாமல் அடித்தால் மதிப்பெண். கடிதத்தின் வாசகம்கூட மனப்பாடம். முன்பின் பார்க்காத ஒரு கடிதத்தை ஒருவர் கையில் கொடுத்து என்ன செய்கிறார் என்று பார்க்கும் நேரம் அந்த இரண்டு ஆண்டில் எங்குமே வருவதில்லை.

இதைச் சரியாகச் செய்த தேர்வு ஒன்று இதே தமிழ்நாட்டில் பல தலைமுறையாக நடந்துவருகிறது. உங்களில் சிலரே எழுதியிருப்பீர்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தட்டச்சுத் தேர்வைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு ஊர்க் கடைவீதியிலும் மாடியில் ஒரு தட்டச்சு நிலையம். காலை ஆறு மணி பேட்சுக்குப் போனால் ரெமிங்டனும் ஃபாசிட்டும் கோத்ரெஜும் ஒரே நேரத்தில் கத்தும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே என்று நாள்கணக்கில் அடிக்கவைப்பார்கள். கீழே பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலோடு வருவார். பெண்பிள்ளையைத் தனியாக வெளியே அனுப்ப யோசித்த வீடுகள்கூட டைப்பிங் கிளாசுக்கு அனுப்பின. அந்த மாடிகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம், இங்கே இடமில்லை. நான் சொல்லவந்தது தேர்வை.

லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. ஐந்து எழுத்துக்கு ஒரு சொல் என்று கணக்கு. ஆக லோயருக்குப் பத்து நிமிடத்தில் 1500 அடிப்பு. பிழைக்கு மதிப்பெண் குறையும். இன்னொரு தாளில் அடித்தல் திருத்தலோடு, சுருக்கச் சொற்களோடு கையெழுத்தில் ஒரு கடிதம் வரும். ஒரு வாக்கியத்தை வட்டம் போட்டு அம்புக்குறியால் வேறிடத்துக்கு இழுத்திருப்பார்கள். அதைப் புரிந்துகொண்டு சுத்தமான படி எடுக்க வேண்டும். அதோடு ஸ்டேட்மென்ட். பல பத்திகள் கொண்ட அட்டவணை. ஒவ்வொரு பத்தியிலும் நீளமான பதிவு எது என்று பார்த்து, எழுத்துகளை எண்ணி, தாளின் அகலத்தில் மீதியைப் பங்கிட்டு, எங்கே நிறுத்தம் வைப்பது என்று முதலில் மனத்துக்குள் கணக்குப் போட வேண்டும். அதன் பிறகுதான் கை விசையில் விழும். விடைத்தாள் வேறிடத்துக்குப் போய்த் திருத்தப்படும். திருத்துகிறவருக்கு அடித்தவர் யார் என்று தெரியாது. அவர் முன்னால் இருப்பது ஒரு தாள் மட்டும்.

தட்டச்சுப் பொறியின் பாகங்களை எழுது என்று கேட்டு யாருக்கும் ஹையர் சான்றிதழ் கொடுத்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் அந்த மாடியிலிருந்து வந்தவர்கள். கணினி வந்தபோது அவர்களை யாரும் வகுப்புக்கு அனுப்பவில்லை. ஸ்டேட்மென்ட் போட்டுப் பழகிய கைக்கு எக்செல் பெரிதாகத் தெரியவில்லை, பத்தியும் வரிசையும் ஏற்கெனவே கண்ணில் இருந்தன.

இதைப் பள்ளிக்குள் கொண்டுவரும் எண்ணமும் நமக்குப் புதிதில்லை. 1950, 60களில் சென்னை மாநில உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் எஸ்எஸ்எல்சியிலேயே 'செக்ரட்டேரியல் கோர்ஸ்' என்று ஒரு பிரிவு இருந்தது. 1978இல் பிளஸ் டூ வந்தபோது தொழிற்கல்விப் பிரிவாக அது மறுபடி உள்ளே வந்தது. வந்ததே தவிர, மார்க் குறைந்தவர்களைக் கொண்டுபோய் உட்காரவைக்கும் இடமாகவும் அது ஆனது. தலைமையாசிரியர் அறையில் 'ஒகேஷனல் கொடுக்கிறேன்' என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் இரக்கம் எல்லோரும் கேட்டதுதான்.

இப்போது ஒரு விநோதத்தைப் பாருங்கள். அரசுத் துறையில் தட்டச்சராகச் சேர விரும்புபவருக்குத் தமிழ், ஆங்கிலத் தட்டச்சுச் சான்றிதழோடு, அலுவலகத் தன்னியக்கம் பற்றிய கணினிச் சான்றிதழும் வேண்டும். சி.ஓ.ஏ. என்பார்களே, அதுதான். அதையும் நடத்துவது அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அதில் இருப்பது வேர்ட் பிராசஸர், பணித்தாள், நிகழ்த்துதல், இணையம். பள்ளியில் இரண்டு ஆண்டு இதே சங்கதிகளைப் படித்து முடித்தவரும் மாலையில் தனியார் நிலையத்துக்குப் பணம் கட்டி மறுபடி படிக்கிறார். அரசு ஒரு கையால் கொடுக்கும் மதிப்பெண்ணை இன்னொரு கை நம்புவதில்லை என்றுதானே இதற்குப் பொருள்?

பக்கத்தில் கேரளத்தைப் பார்க்கலாம். ஐடி அட் ஸ்கூல் என்று 2001இல் தொடங்கிய திட்டம், இப்போது கைட் என்ற பெயரில் நடக்கிறது. அங்கே பத்தாம் வகுப்பிலேயே தகவல் தொழில்நுட்பம் பொதுத்தேர்வுப் பாடம், 50 மதிப்பெண். அந்தத் தேர்வு பள்ளி ஆய்வகத்தில், கணினி முன்னால், அதற்கென்றே எழுதிய மென்பொருளில் நடக்கிறது. கோட்பாட்டுக் கேள்விகூடத் திரையில்தான். லினக்ஸில் செய்கிறார்கள், மலையாளத்தில் அடிக்கிறார்கள். அங்கேயும் குறைகள் இருக்கும், யாராவது எழுதிக்கொண்டும் இருப்பார்கள். ஆனாலும் பத்தாம் வகுப்பில் அவர்கள் செய்வதை நாம் பன்னிரண்டாம் வகுப்பில்கூடச் செய்ய முடியாது என்று யாரும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள்.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

ஆட்சிமொழிச் சட்டம் 1956லிருந்து இருக்கிறது. தாலுகா ஆபீஸுக்கோ, மின்வாரியத்துக்கோ, பஞ்சாயத்துக்கோ போகும் கடிதம் தமிழில் போகிறது. யாழ்ப்பாணத்துக்காரரான இரா. முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை அமைத்துக் கொடுத்த காலத்திலிருந்து தமிழை விரலால் அடிப்பது நமக்குப் பழக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, அதிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், ஒருங்குறிதான் இனி அரசின் தரம் என்று ஆணையும் வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும், பிளஸ் டூவில் கணினி படித்த பிள்ளைக்குத் தமிழ் அடிக்கத் தெரியாது. பதினோராம் வகுப்பு நூலின் கடைசிப் பக்கங்களில் தமிழும் கணினியும் என்று ஒரு பாடம் வைத்திருந்தீர்கள். அதைப் படித்தால் விசைப்பலகைகளின் பெயரைச் சொல்லலாம். தமிழ்99இல் 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க வந்தாலும், ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. உயிரெல்லாம் இடக்கையில், மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தினமும் அரை மணி நேரம் கொடுத்தால் ஒரு பருவத்துக்குள் கை பழகிவிடும். அந்த அரை மணி நேரம் பாடத்திட்டத்தில் இல்லை.

இல்லாததால் என்ன நடக்கிறது? பாமினி எழுத்துருவில் ஒருவர், வானவில்லில் ஒருவர், போனில் வாயால் சொல்லி ஒருவர். ஒரு ஆபீஸில் அடித்தது இன்னொரு ஆபீஸில் திறந்தால் புரியாத குறிகளாக வருகிறது. எங்கள் அலுவலகப் பழைய கோப்புகளில் ஒரு கட்சிக்காரரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. பெயர் அங்கே இருக்கிறது, ஆனால் எழுத்துருவுக்குள் ஆங்கில எழுத்துகளாக ஒளிந்திருக்கிறது.

இனிமேல் யார் அடிக்கப்போகிறார்கள், செயற்கை நுண்ணறிவே கடிதம் எழுதித் தருமே என்று உங்கள் கூட்டத்தில் ஒருவராவது சொல்வார். எழுதித் தருகிறது, நாங்களும் பயன்படுத்துகிறோம். போன மாதம் ஒரு கட்சிக்காரர் வரித்துறை நோட்டீசுக்குத் தானே பதில் தயாரித்துக் கொண்டுவந்தார். அழகான கடிதம். கீழே அடைப்புக்குள் 'இங்கே உங்கள் பெயரை இடவும்' என்பது அப்படியே இருந்தது. நோட்டீஸ் எண் மேலே ஒன்று, நடுவில் வேறொன்று. இதைக் கண்டுபிடிக்கும் கண் எங்கிருந்து வரும்? பல கடிதங்களைத் தானே அமைத்து, தானே பிழை பார்த்து, தானே அனுப்பிய பழக்கத்திலிருந்து வரும். வேறு குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆக, நான் கேட்பது பாடநூலில் புது அத்தியாயம் இல்லை. தேர்வை மாற்றுங்கள், பாடம் தானாக மாறும். கணினி முன்னால் ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு ஒருவர் கோணல்மாணலாகக் கையால் எழுதிய தமிழ் மனுவைக் கொடுத்துச் சுத்தமாக அமைக்கச் சொல்லுங்கள். நாற்பது வரி கொண்ட ஒரு ரேஷன் கடை இருப்புப் பட்டியலைக் கொடுத்து, எந்த இரண்டு வரியில் கணக்கு உதைக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முப்பது பெற்றோருக்கு ஒரே அழைப்பிதழ், பெயர் மட்டும் வேறு. முப்பது முறை அடிக்காமல் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். கடைசியாக ஒரு புகைப்படத்தை 50 கேபிக்குள்ளும் ஒரு கையெழுத்தை 20 கேபிக்குள்ளும் சுருக்கி, எல்லாவற்றையும் பொருத்தமான பெயரிட்டு, பொருள் வரியோடு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் கடைசி வேலை சின்னதாகத் தோன்றும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பக் கடைசி நாளில் ஏதாவது பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று பாருங்கள். கணினி படித்த பட்டதாரிகள் இதற்குக் காசு கொடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

தாள் ஒவ்வொரு ஆண்டும் புதிதாக இருக்கட்டும். கோப்பு பெயரில்லாமல் எண்ணோடு வேறு மாவட்டத்துக்குப் போகட்டும். மென்பொருள் எதுவானாலும் சரி என்று சொல்லிவிடுங்கள். வந்து சேர்ந்த கடிதம் சரியாக இருந்தால் எந்த மெனுவைத் திறந்தார் என்பது நமக்கு எதற்கு? எழுத்துத் தேர்வுக்கு முப்பது வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல், மோசடி மெயில், பிறர் ஆதார் எண்ணைக் கையாளும் ஒழுங்கு, இவற்றையெல்லாம் கேட்க அது போதும்.

வசதி இல்லை என்ற பதிலை நான் முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹைடெக் லேப்கள் வந்துவிட்டன. அறுபது பிள்ளைக்கு இருபது கணினி என்றால் மூன்று பேட்ச். தட்டச்சுத் தேர்வு பேட்ச் பேட்சாகத்தானே நடக்கிறது. பள்ளிக்குள்ளேயே பயிற்சிக்குரிய சரக்கும் குவிந்து கிடக்கிறது: எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, உதவித்தொகைப் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், விளையாட்டு விழா அழைப்பு. ஆசிரியர்கள் இரவு வரை உட்கார்ந்து தட்டும் அந்த வேலையின் மாதிரியைப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகக் கொடுக்கலாம். மாதிரியை மட்டும்தான் சொல்கிறேன். சக மாணவரின் சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் பிள்ளைகள் கையில் போகக் கூடாது, கற்பனைப் பெயர்களில் தயாரித்துக் கொடுங்கள்.

உங்களுக்கு வேறொரு வாய்ப்பும் வந்திருக்கிறது. 2017-18இல் கொண்டுவந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26லிருந்து இல்லை என்றாகிவிட்டது. பிளஸ் ஒன்னில் இனி விடைத்தாள் கட்டும் இல்லை, மாநில அளவில் மதிப்பெண் போட்டியும் இல்லை. அந்த ஓராண்டை முழுக்கக் கைக்குக் கொடுங்கள். அச்சு நூல் மெலிந்தால் மெலியட்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஜூனிலேயே தொடங்கிவிடுவார்கள்.

எனக்குப் பதில் தெரியாத ஒரு விஷயம் ஆசிரியர்கள். பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் இடம் நிரம்புவதில்லை, இரண்டொரு ஆண்டில் பிரிவே மூடப்படுகிறது. நியமனம் உங்கள் கையில் இல்லை என்று அறிவேன். ஆனால் தட்டச்சு நிலையம் நடத்திய மாஸ்டர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் இருக்கிறார்கள், பலருக்கு இப்போது மாணவர்கள் குறைவு. பகுதிநேரமாக அவர்களைப் பள்ளிக்கு அழைக்க ஒரு வழி உண்டா என்று துறையிடம் கேட்டு எழுத உங்களால் முடியும். பி.எட். இல்லை என்பார்கள். இல்லைதான். ஆயிரக்கணக்கான கைகளைப் பழக்கியவர்கள் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்து எழுதுங்கள்.

மாதிரித் தாள் ஒன்று தயாரானால் எங்களுக்கு அனுப்புங்கள். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளையும், தெருவில் உள்ள மற்ற அலுவலகங்களிலிருந்து சிலரையும் உட்காரவைத்து நடத்திப் பார்த்து, எந்தக் கேள்வி எவ்வளவு நேரம் தின்கிறது என்று குறித்துத் தருகிறோம். ஜூலையும் செப்டம்பரும் மட்டும் வேண்டாம், ரிட்டர்ன் வேலை நெருக்கும். மற்ற மாதங்களில் எந்தச் சனிக்கிழமையும் சரி.

இப்படிக்கு,
ஓர் ஆடிட்டர் அலுவலகத் தலைமை எழுத்தர்,
கரூர்.